பூனையின் வால் நனைந்திருந்தது

மகனுக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ளவன். ஒரு மதிப்பீட்டுக்காகக் கூட்டிப் போயிருந்தோம். மேசையில் ஒரு படத்தை வைத்து, "இதுல என்ன நடக்குது, சொல்லு பார்ப்போம்" என்றார்கள். படத்தில் ஓர் அறை. பூச்சாடி விழுந்து உடைந்திருக்கிறது, தரையெல்லாம் தண்ணீர். பக்கத்தில் ஒரு பையன் அழுதுகொண்டு நிற்கிறான். அவன் அம்மா இடுப்பில் கை வைத்து முறைக்கிறாள். ஓரமாக ஒரு நாற்காலி, அதன் அடியில் ஒரு பூனை.

இவன் ரொம்ப நேரம் பார்த்தான். "நாற்காலியோட நிழல் இந்தப் பக்கம் விழுது. அந்த அம்மாவோட நிழல் அந்தப் பக்கம் விழுது. ஜன்னல் ஒண்ணுதான் இருக்கு" என்றான். வேறென்ன தெரிகிறது என்று கேட்டார்கள். "ஜன்னல் ஒண்ணுதான் இருக்கு" என்று மறுபடியும் அதையே சொன்னான். கேட்டவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த படத்தை எடுத்தார்.

பின்னால் வந்த அறிக்கையில், பகுதிகளிலேயே கவனம் தேங்கிவிடுகிறது, காட்சியின் முழுமை பிடிபடுவதில்லை என்று என்று எழுதியிருந்தது. தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, என் கண்ணெதிரே நடந்ததுதானே. ஆனால் அன்றைக்கு ராத்திரி நடந்தது அறிக்கையில் இல்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் வாயில் நுரையோடு வந்து நின்றான். "அந்தப் பையன் உடைக்கலம்மா. பூனைதான். அதோட வால் நனைஞ்சிருந்துச்சு. பையன் கை ரெண்டும் காய்ஞ்சிருந்துச்சு."

அந்தப் படத்தை நானும் பார்த்திருந்தேன். பார்த்த மாத்திரத்தில் எனக்குக் கதை கிடைத்துவிட்டது: பையன் உடைத்தான், அம்மா திட்டுகிறாள். பூனை இருந்தது ஞாபகம் இருக்கிறது, வால் ஞாபகமே இல்லை. அடுத்த தடவை போனபோது கேட்டு வாங்கிப் பார்த்தேன். வால் நுனியில் இரண்டு சொட்டு வரைந்திருந்தார்கள்.

இப்போது அவனுக்குப் பதினாறு. "ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும், முழுசாகத் தெரியாது" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த வால்தான் நினைவுக்கு வருகிறது. போன வாரம் ஒரு பேச்சில் இதே வாக்கியம். கூடவே யானையைத் தடவிப் பார்த்த ஐந்து பேர் கதை வேறு. அந்த ஐவரும் ஆளுக்கொரு இடத்தைத் தொட்டதும் உடனே தீர்ப்புச் சொன்னவர்கள். உரல் என்றான் ஒருவன், முறம் என்றான் இன்னொருவன். என் மகன் அங்கே இருந்திருந்தால் வாயையே திறந்திருக்க மாட்டான். காதின் ஓரத்தில் எத்தனை மடிப்பு என்று எண்ணிக்கொண்டிருந்திருப்பான். கதை அவனுக்குப் பொருந்தவில்லை, அவசரக்காரர்களுக்குத்தான் பொருந்துகிறது.

இந்தப் பேச்சு இன்று நேற்று வந்ததல்ல. 1943இல் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் உள்ள பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே இது இருக்கிறது. பகுதிகளை ஒவ்வொன்றாகக் கவனிக்காமல் முழுமையை உணர இந்தக் குழந்தைகளால் முடிவதில்லை என்றார். ஒரு சூழலோ வாக்கியமோ முதலில் சந்தித்தபோது இருந்த அத்தனை பகுதிகளோடும் இல்லாவிட்டால், அதை அதே ஒன்றாக அவர்கள் ஏற்பதில்லை என்பதையும் கவனித்தார். இந்த இரண்டாவதை வீட்டில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் மாடியில் இருந்த பெரியம்மா ஒருவர் கண்ணாடியின் சட்டத்தை மாற்றிக்கொண்டு வந்தார். இரண்டு வருஷமாக "பெரியம்மா, பெரியம்மா" என்று பின்னாலேயே போனவன், கதவைத் திறந்து "யாரு வேணும்?" என்றான். அவர் முகம் விழுந்துபோனதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. இவன்மீது தப்பில்லை. அவனுக்குப் பெரியம்மா என்றால் அந்தப் பழுப்புச் சட்டம், அந்தச் செருப்புச் சத்தம், அந்தக் குரல், மூன்றும் சேர்ந்தது. சத்தமும் குரலும் வருவதற்குள் கதவு திறந்துவிட்டது.

பிறகு 1980களில் உளவியலாளர் ஊட்டா ஃபிரித் வந்தார். அமிதா ஷாவோடு சேர்ந்து 1983இல் ஒரு சோதனை. பெரிய படத்துக்குள் ஒளிந்திருக்கும் முக்கோணத்தையோ வீட்டு வடிவத்தையோ கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டிசக் குழந்தைகள் அதே அறிவு வளர்ச்சி நிலையில் இருந்த மற்ற குழந்தைகளைவிட நன்றாகச் செய்தார்கள். 1989இல் ஃபிரித் இதற்கு ஒரு கோட்பாடு தந்தார்: சாதாரண மூளை எதைப் பார்த்தாலும் அள்ளிச் சேர்த்து ஒரே பொருளாக்கத் துடிக்கும், ஆட்டிசத்தில் அந்த இழுப்பு பலவீனம். எனக்குப் பிடித்தது 1993இல் இதே இருவரும் வெளியிட்ட கட்டைச் சோதனை. ஒரு வடிவத்தைக் காட்டி, வண்ணக் கட்டைகளை வைத்து அதைச் செய்யச் சொல்வது. காட்டும் வடிவத்தையே கட்டை கட்டையாகப் பிரித்து இடைவெளி விட்டுக் காட்டியபோது மற்றவர்களின் வேகம் நன்றாகக் கூடியது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அதனால் அவ்வளவு லாபமில்லை. அவர்களுக்குத்தான் அது ஏற்கெனவே பிரிந்து தெரிகிறதே!

பலவீனம் எங்கே தெரியும் என்றால், வாசிப்பில். ஒரே எழுத்துக்கூட்டு, இரண்டு உச்சரிப்பு உள்ள சொற்களை வைத்து ஆங்கிலத்தில் சோதித்தார்கள். தமிழில் இதை விளக்குவது இன்னும் சுலபம். "ஐயோ பாவம்" என்பதையும் "முகத்தில் பாவமே இல்லை" என்பதையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தீப்பந்தத்தில் வரும் பந்தமும் சொந்தபந்தத்தில் வரும் பந்தமும் ஒன்றா? எழுத்து ஒன்றுதான், சுற்றியிருக்கும் சொற்கள்தான் ஒலியைச் சொல்லித் தருகின்றன. அந்த ஆய்வுகளில் ஆட்டிசக் குழந்தைகள் சுற்றுப்புறத்தைப் பார்க்காமல் அதிகம் பழகிய உச்சரிப்பையே சொல்லிவிட்டார்கள். இவனும் அப்படித்தான். நாட்டியக்காரியின் முகபாவம் அவன் வாயில் பல வருஷம் முகத்தின் பாவமாகவே இருந்தது. ஆனால் "இந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன்னால் வாக்கியத்தை முடிச்சுப் பாருடா" என்று சொன்னால் சரியாகப் படிப்பான். சொல்லாவிட்டால் மாட்டான்.

இந்தச் "சொன்னால், சொல்லாவிட்டால்" விஷயம்தான் பின்னால் பெரிதாகியது. கீழே பாருங்கள்:

ப
ப
ப
ப ப ப

முதலில் எதைப் பார்த்தீர்கள், பெரிய ட-வையா, குட்டிப் ப-க்களையா? 1977இல் டேவிட் நேவன் இதே மாதிரி ஆங்கில எழுத்துகளை வைத்துப் பெரும்பாலோருக்குப் பெரியதே முந்தும் என்று காட்டினார். ஆட்டிசக் குழந்தைகளிடம் 1999இல் செய்து பார்த்தபோது, எதையும் குறிப்பிடாமல் விட்டால் குட்டி எழுத்துகள் முந்தின. "பெரியதைப் பார்" என்று சொன்னதும் மற்றவர்களைப் போலவே பார்த்தார்கள். 2006இல் ஃபிரான்செஸ்கா ஹாப்பேவும் ஃபிரித்துமே தங்கள் கோட்பாட்டைத் திருத்தி, இது ஊனம் என்பதைவிட ஒரு சாய்வு, ஒரு பாணி என்று எழுதினார்கள். கண்ணுக்கு அந்தப் பக்கம் போக முடியும், அதுவாகப் போவதில்லை, அவ்வளவுதான்.

2015இல் 56 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. பகுதியைப் பார்ப்பதில் ஆட்டிசம் உள்ளவர்கள் பொதுவாக மேல் என்றும் சொல்ல முடியவில்லை, முழுமையைப் பார்க்கவே முடியாது என்றும் சொல்ல முடியவில்லை, முழுமை வந்து சேர நேரமாகிறது என்பதுதான் அதன் முடிவு. நுரை வாயோடு நின்ற பையனைத்தான் நினைத்துக்கொண்டேன். மதிப்பீட்டு அறையில் காலையில் கேட்ட கேள்விக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் பதில் வந்தது. கேட்டவர் வீட்டுக்குப் போய்விட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் பிழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் மெய்ப்புத் திருத்துகிறவள், இருபது வருஷமாக. இந்தத் தொழிலில் முதல் எதிரி அர்த்தம். கதை நன்றாக இருந்தால் தொலைந்தது, கண் சொற்களை விழுங்கிக்கொண்டு ஓடிவிடும். ஒற்று விட்டுப்போனது தெரியாது, 'ர' வர வேண்டிய இடத்தில் 'ற' உட்கார்ந்திருப்பது தெரியாது. அதனால் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி, வரி வரியாக மேலே ஏறிப் படிப்போம், அர்த்தம் சேராமல் இருப்பதற்காகவே. முழுமையைப் பார்க்காமலிருக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதே காரியத்துக்கு இவனுக்குப் பள்ளியில் மதிப்பெண் குறைத்தார்கள்.

லோரான் மோட்ரோன் போன்ற ஆட்டிச ஆய்வாளர்கள் இதை வேறு விதமாகச் சொல்கிறார்கள். சேர்ப்பதில் குறை என்று ஏன் தொடங்க வேண்டும், புலன் உணர்வே கூர்மையாக வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாமே என்பது அவர்கள் வாதம். எனக்கு அதைவிடவும் நெருக்கமாகப் படுவது டைனா மரேயும் வென் லாசனும் மைக் லெஸ்ஸரும் 2005இல் எழுதியது. எழுதியவர்களில் ஆட்டிச நிலையாளரும் உண்டு. கவனம் என்பது எல்லோருக்கும் அளவானது, சிலர் அதைப் பத்து வாய்க்காலில் பிரித்து விடுகிறார்கள், ஆட்டிச மனம் ஒரே வாய்க்காலில் திறந்துவிடுகிறது என்கிறார்கள் (வாய்க்கால் என் உவமை). அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால் காதில் விழாது. இழுத்துப் பிடுங்கினால் வலிக்கும். இதை எந்த அறிக்கையும் எனக்குச் சொல்லவில்லை.

பிடுங்கியவள்தான் நானும். நான்கு வயதில் பொம்மை வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பான். "பொருளின் பாகத்தோடு ஒன்றிப்போவது" மருத்துவர்கள் பின்பற்றும் அமெரிக்க மனநலக் கையேட்டின் (DSM) பழைய கண்டறிதல் விதிகளில் தனி வரியாகவே இருந்தது. 2013இல் வந்த புதிய பதிப்பில் அந்த வரி தனியாக இல்லை. பயிற்சி கொடுத்தவர் வண்டியை ஒளித்து வைக்கச் சொன்னார், ஒரு வருஷம் ஒளித்து வைத்தேன். அந்த வருஷம் அவன் எதையும் முழுசாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. தாழ்ப்பாளைப் பார்த்தான், குழாய்த் திருகைப் பார்த்தான், என்னைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டான். அடுத்த வருஷம் நான் பக்கத்தில் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, அதே சக்கரத்தைப் பார்த்தேன். மூன்று சக்கரம் நின்ற பிறகும் ஒன்று மட்டும் சுற்றும். "இது ஏன்?" என்று கேட்டேன். முதன்முறையாக என் கையைப் பிடித்து அந்தச் சக்கரத்தின் மேல் வைத்தான்.

இப்படிச் சொன்னதும் இன்னொரு கூட்டம் வந்துவிடும்: "பார்த்தீங்களா, ஒவ்வொரு ஆட்டிசக் குழந்தைக்குள்ளும் ஒரு மேதை!" தயவுசெய்து வேண்டாம். ஆட்டிசம் உள்ள ஓவியர் ஸ்டீஃபன் வில்ட்ஷயர் 2005இல் டோக்கியோவை ஹெலிகாப்டரில் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, 10 மீட்டர் கேன்வாஸில் நினைவிலிருந்தே வரைந்தார், நிஜம்தான். ஜன்னல் ஜன்னலாகச் சேர்த்தால் நகரமே வரும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் என் மகன் அப்படி எதையும் வரைவதில்லை. ஒரு செருப்பின் வாரைப் போடக் கற்றுக்கொண்டவன், புதுச் செருப்பு வந்ததும் முதலிலிருந்து தொடங்கினான். சாலையில் வண்டியின் எண் தெரியும், வண்டி வருவது தெரியாது. "பாடத்தின் மையக் கருத்தை எழுதுக" என்றால் பாடத்தையே எழுதிவைப்பான். இந்தச் செலவுகளை யாரும் அழகாக்க வேண்டாம். தினமும் கட்டுகிறவர்கள் நாங்கள்.

ஆட்டிசம் உள்ள கால்நடை அறிஞர் டெம்பிள் கிராண்டின் தன்னைப் பற்றிச் சொல்வது இதற்கு நடுவில் எனக்கு உதவியது. கோபுரம் என்று சொன்னால் அவருக்குப் பொதுவாக ஒரு கோபுரம் தோன்றாதாம், பார்த்த கோபுரங்கள் ஒவ்வொன்றாகத்தான் வருமாம். அவற்றிலிருந்துதான் 'கோபுரம்' என்ற எண்ணத்தையே கட்டுகிறார், கீழிருந்து மேலாக. மாடுகள் ஏன் பாதையில் மிரண்டு நிற்கின்றன என்று யாருக்கும் புரியாத இடத்தில், மாடு போகும் வழியில் தானே இறங்கி, தொங்கும் சங்கிலியையும் வேலியில் கிடந்த சட்டையையும் குட்டையில் மின்னும் வெளிச்சத்தையும் காட்டினார். நாம் 'மாட்டுக் கொட்டகை' என்று பெயர் வைத்ததோடு பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கை, மதிப்பீடு செய்கிறவர்களிடமும் ஆசிரியர்களிடமும். கேள்வியைக் கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். நிழலைப் பற்றிச் சொன்னால் நிழலைப் பற்றியே மேலே கேளுங்கள். முழுமையாகப் பார்க்க வேண்டும் என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், "மொத்தமா என்ன நடந்திருக்கும்?" என்று. அடுத்த நாளும் ஒரு தடவை கேளுங்கள். பதில் வராமலும் போகலாம். பல நாள் எனக்கு வந்ததில்லை.

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன்னால் அவன் அனுமதி வேண்டும் என்று ஃபோனை அவனிடம் கொடுத்தேன். திரையை மேலே தள்ளினான், நிறுத்தினான், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"மூணாவது பத்தியில 'என்று' ரெண்டு தடவை இருக்கும்மா."

இருபது வருஷ அனுபவத்தில் நான் மூன்று முறை படித்துத் திருத்திய பதிவு. அதை அப்படியே விட்டிருக்கிறேன், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். "சரி, போட்டுக்கலாமா?" என்றேன். தலையாட்டினான். "மொத்தமா எப்படிடா இருக்கு?"

"அப்புறம் சொல்றேன்."

நாலு நாளாகிறது. ராத்திரி அவன் பல் தேய்க்கும் நேரத்தில் அந்தப் பக்கமாகவே நடமாடிக்கொண்டிருக்கிறேன்.