சீட்டு அவன் போனில், காசு என்னுடையது

என்னுடைய மஞ்சள் துண்டை இன்னொருவன் கழுத்தில், அதுவும் இன்ஸ்டா ஸ்டோரியில் பார்த்தால் எப்படி இருக்கும்? கொச்சி கலூர் ஸ்டேடியம், கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து ஆட்டம், நான் காசு கட்டிய சீட், அதில் என் சிநேகிதனின் மச்சான் பப்ஸ் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார். துண்டு நான் காரில் மறந்து வைத்தது.

நாங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் மூன்று பேர். சீசன் டிக்கெட் ஆளுக்கு 3,600 ரூபாய், 12 ஆட்டம். மூன்றையும் ஒருவன் போனில் அவன் பெயரிலேயே எடுத்தோம், அவன் கார்டுக்கு ஏதோ தள்ளுபடி கிடைத்தது என்பதற்காக. ஏழாவது ஆட்டம் முடிந்து திரும்பும்போது பாலியேக்கரை டோலில் பேச்சு ஆரம்பித்தது. பெட்ரோல், டோல் கணக்கில் நான் 640 ரூபாய் பாக்கி, உண்மைதான். குதிரான் சுரங்கத்துக்குள் நுழையும்போது அது டிக்கெட் எடுத்தவனின் தங்கச்சி கல்யாணத்தில் நான் வைத்த மொய் வரைக்கும் போய்விட்டது. பன்னியங்கரை டோலில் யாரும் யாரோடும் பேசவில்லை. மறுநாள் காலை அவன் வாட்ஸப் குரூப்பில் இருந்து என்னைத் தூக்கிவிட்டான், என் சீட்டை மச்சானுக்குக் கொடுத்துவிட்டான். மூன்றாமவன் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டினான்.

"என் பேர்ல இருக்கு, என் டிக்கெட்" என்பதுதான் டிக்கெட் எடுத்தவனின் வாதம். ஊரில் பாதிப் பேர் அதையே சொன்னார்கள். எனக்கு இதில்தான் கோபம். நாலு பேர் சேர்ந்து பம்பர் லாட்டரி எடுத்தால் மட்டும் இந்த நியாயத்தை யாரும் பேசுவதில்லையே! 2023-இல் வாளையாரில் வாங்கிய ஓணம் பம்பருக்கு 25 கோடி விழுந்ததே, தமிழ்நாட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்த சீட்டுதானே அது.

பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். "ஜிபேயில காசு போட்டியா? எதுக்குன்னு மெசேஜ் இருக்கா?" என்றார். இருந்தது. குரூப்பை விட்டுத் தூக்கினாலும் பழைய மெசேஜ் நம் போனிலேயேதான் கிடக்கும், அழித்துவிடாதீர்கள். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின்படி வாய்ப்பேச்சாகப் பேசியதும் ஒப்பந்தம்தான், பத்திரம் வேண்டியதில்லை. சும்மா "சினிமாவுக்குப் போலாம் வாடா" என்பதற்கெல்லாம் கேஸ் போட முடியாது, ஆனால் காசு போட்டு, சீட்டைப் பங்கு பிரித்த பிறகு அது வெறும் சிநேகிதம் இல்லை. இங்கிலாந்தில் 1955-லேயே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. ஒரு பாட்டி, அவர் பேத்தி, வீட்டில் வாடகைக்கு இருந்த பெண், மூவரும் சேர்ந்து பத்திரிகைப் போட்டிக்கு எழுதிப்போட, பாட்டி பெயரில் 750 பவுண்டு விழுந்தது, பாட்டி கையை விரித்துவிட்டார். வாடகைக்காரிக்கு மூன்றில் ஒரு பங்கு கொடு என்று கோர்ட் சொல்லிவிட்டது.

சரி, அப்படியானால் என் சீட்டை மீட்க முடியுமா? முடியாது, அதுதான் கசப்பு. டிக்கெட் என்பது உள்ளே வர ஒரு அனுமதி, அவ்வளவுதான். பொதுக் கேளிக்கைக்கான அனுமதியை இன்னொருவருக்கு மாற்றித் தரலாம் என்று 1882-ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டம் (அடுத்தவர் இடத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றியது) 56-ஆவது பிரிவு சொல்கிறது, ஆனால் கொடுத்தவர் வேறு மாதிரி நிபந்தனை போட்டிருந்தால் அதுதான் செல்லும். கிளப்புக்குத் தெரிந்தது பெயரும் க்யூஆர் கோடும்தான். ஆக, கேட்க வேண்டியது ஆளிடம், கேட்க முடிவது பணம். மிச்சமிருந்த 5 ஆட்டத்துக்கு 1,500 ரூபாய். அதில் என் 640 கழியும், அதையும் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த சீசனுக்குப் புதுப்பிக்கும் உரிமையில் பங்கு கேட்பதெல்லாம், முன்பே பேசி வைக்காவிட்டால், கஷ்டம்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமா என்றேன். நம்பிக்கை மோசடி என்று எழுதிக் கொடுக்கலாம், ஆனால் இந்தத் தொகைக்கு "இது சிவில், கோர்ட்டுக்குப் போ" என்றுதான் சொல்வார்கள் என்றார். போயிருந்தால் எனக்கே கேவலமாக இருந்திருக்கும். அதைவிட தாலுகா சட்டப்பணிக் குழுவில் ஒரு மனு. கோர்ட் கட்டணம் இல்லை, இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள், லோக் அதாலத்தில், அதாவது சமரசம் செய்யும் மக்கள் நீதிமன்றத்தில், ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. பணம் கேட்டு வழக்குப் போட பொதுவாக 3 வருடம் அவகாசம் இருக்கிறது, அதனால் ஆத்திரத்தில் ஓட வேண்டாம். அப்புறம், நம் பங்குக் காசையே கட்டாமல் இருந்துவிட்டு சீட்டைக் கேட்டால் சட்டம் நம் பக்கம் நிற்காது.

மனு வரைக்கும் போகவில்லை. கணக்கை எழுதி, பழைய மெசேஜ்களோடு ஒரே ஒரு வாட்ஸப் அனுப்பினேன், திட்டாமல். மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் ராத்திரி ஜிபேயில் 860 வந்தது, குறிப்பில் "கணக்கு முடிஞ்சுது" என்று எழுதியிருந்தான்.

துண்டைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.