முதலில் அந்தப் போத்தல் மூடியைக் கீழே வையுங்கள்

அநாதையென்று ஒருவர் செண்பகக் குஞ்சைத் தூக்கித் தண்ணீர் பருக்கும் வீடியோவை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன். அலகைப் பிளந்து சோடா மூடியால் தண்ணீர் ஊற்றுவதையும், அது தலையை உதறும்போது மூக்கால் தண்ணீர் வருவதையும் பார்த்தேன். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். மனிதம் வாழ்கிறதாம்.

பறவையின் மூச்சுக்குழாயின் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடலாம். தாய் கொண்டுவரும் பூச்சி புழுவிலேயே குஞ்சுக்கு வேண்டிய ஈரம் உண்டு. தண்ணீர் பருக்காதீர்கள். பாலும் பாணும்கூட வேண்டாம். இதைப் பண்பாகத்தான் கமெண்டில் எழுதினேன். "பெரிய டொக்டர் வந்துட்டார்" என்று பதில். அதற்குச் சிரிப்புப் போட்டவர்களில் என்னோடு படித்தவர்களும் உண்டு. சரி, இருக்கட்டும்.

அது அநாதையும் இல்லை. செண்பகக் குஞ்சு நன்றாகப் பறக்க முதலே கூட்டை விட்டிறங்கிப் பற்றைக்குள் தத்தித் திரியும். சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள், வேலிப்பக்கம் பெரியது 'ஊப் ஊப்' என்று கத்துகிறது. "மனிசக் கை பட்டால் தாய் சேர்க்காதே?" சேர்க்கும். தூக்கிப் பற்றையில் வைத்துவிட்டு விலகுங்கள். "பூனை தின்னட்டும் என்கிறீர்களா?" பூனையைக் கட்டுங்கள் ஐயா!

ஒரு ஐப்பசியில் ஆறுமணிக்குருவி ஒன்று எங்கள் யன்னலில் மோதி விழுந்தது. இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வலசை வந்த களைப்பு. மாமி சோற்றுப் பருக்கையோடு ஓடிவந்தா. சப்பாத்துப் பெட்டியில் துளை போட்டு, மூடி, அறைக்குள் வைத்தேன். பிள்ளைகளுக்கும் எட்டிப்பார்க்கத் தடை. பின்னேரம் திறந்ததும் வேலிக்குள் பாய்ந்தது. படம்? எடுக்கவில்லை. பயமே பறவையைக் கொல்லும், வெளிச்சமும் கூட்டமும் வேறு எதற்கு?

சிறகு முறிந்ததென்றால் இருட்டுப் பெட்டி, பிறகு வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கம். "அவங்களுக்கு யானைக்கு ஓடவே நேரமில்லை." அம்பாறைப் பக்கம் அது நியாயமான பேச்சுத்தான். அதற்காகக் கூண்டு வாங்குவதா? காட்டு உயிர்களைக் காக்க 1937இலிருந்து சட்டம் இருக்கிறது. கையில் வளர்ந்த குஞ்சு மனிதரையே தன் இனமென்று நம்பும், பிறகு எங்கே விடுவீர்கள்?

"நல்ல மனசோடதானே செய்தார்!" இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல மனசுக்கு லைவ் எதற்கு? மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் தங்கூசி, அதுதான் மீன்பிடி நைலோன் நூல், குப்பையாகக் கிடக்கிறது. பருந்தின் காலும் கொக்கின் கழுத்தும் அதில்தான் சிக்குகின்றன. பொறுக்க வாருங்கள் என்று போன மாதம் எழுதினேன். லைக் போட்டவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர். அவர்களும் வரவில்லை.