ஆச்சி ஆறு பெத்தது நிஜம்தான்

"உங்க ஆச்சி ஆறு பெத்து வளத்தா. நீ மூணுக்கே இந்தப் பாடு படுதியே." போன வாரம் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது சொந்தக்கார அத்தை ஒருத்தர் சொன்னது. என் இடுப்பில் ஒன்பது மாசப் பிள்ளை. நாலு வயசுக்காரன் முந்தானையைப் பிடித்து இழுக்கிறான். தண்ணி குடிக்கப் போன பெரியவளை, ஏழு வயசு, இன்னும் காணோம். அப்போது பதில் சொல்ல முடியவில்லை. இப்போது மூணும் தூங்குகிறது, சொல்கிறேன்.

ஆச்சி ஆறு பெத்தாள். தனியாக வளர்க்கவில்லை. பாளையங்கோட்டையில் அவள் இருந்தது வளவு வீடு. ஒரே முற்றம், ஒரே கிணறு, சுற்றி ஏழு குடும்பம். ஆச்சி உலை வைத்தால் கைப்பிள்ளை எதிர்வீட்டு மயினி மடியில் கிடக்கும். மயினிக்குப் பேறுகாலம் என்றால் அவள் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆச்சி பொங்குவாள். "விளக்கு வைக்கும்போது யார் வீட்டுத் திண்ணையில இருந்தோமோ, அங்கதாம்ட்டி சோறு" என்று அம்மா சொல்வாள்.

எனக்கு வாய்த்தது பெருமாள்புரத்தில் மாடி வீடு. கதவைச் சாத்தினால் நானும் பிள்ளைகளும்தான். இவருக்குத் தூத்துக்குடியில் ஷிப்ட் வேலை. போன மாசம் ஒரு ராத்திரி, நாலு வயசுக்காரன் மெத்தை முழுக்க வாந்தி எடுத்துவிட்டான். அவனைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே சின்னவன் தொட்டிலில் வீறிட ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது. எட்டிப் பார்த்தால் பெரியவள் பாதித் தூக்கத்தில் நின்று தொட்டிலை ஆட்டுகிறாள், நான் போடுகிற அதே ராகத்தில் "ஓ... ஓ..." என்று. மனசு நிறைந்தது. ஏழு வயசுப் பிள்ளை ராத்திரி ரெண்டு மணிக்குத் தொட்டில் ஆட்ட வேண்டியிருக்கிறதே என்று வலிக்கவும் செய்தது.

வளவிலும் இந்தப் பாரம் மூத்த பொம்பளைப் பிள்ளை தலையில்தான் விழுந்தது. என் பெரியம்மா அஞ்சாம் வகுப்போடு நின்றது தம்பிகளைப் பார்க்கத்தான். அதனால் அந்தக் காலம் அப்படியே திரும்பி வரட்டும் என்று கேட்க மாட்டேன். பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு கை இருந்ததே, அதைத்தான் கேட்கிறேன்.

அந்தக் கை சட்டத்திலும் இல்லை. 2017-ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் ரெண்டு பிள்ளைக்கும் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. ஏற்கெனவே ரெண்டு இருந்தால் 12 வாரம்தான். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று தடுப்பூசி போடப் போகும்போதெல்லாம் நர்சம்மா சொல்கிறார். மூணாவதாகப் பிறந்ததற்குப் பசி வேறயா? கழுத்து அப்போதுதான் நிற்க ஆரம்பித்திருந்த பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் மார் கட்டிக்கொள்ளும். கழிப்பறையில் நின்று பாலைப் பீச்சி ஊற்றுவேன். அங்கே பிள்ளை புட்டிப்பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். 2025 மே மாதம், மூணாவது பிள்ளைக்கு விடுப்பு மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அந்தச் செய்தியை வாசித்தபோது அழுதுவிட்டேன். எத்தனை பிள்ளை வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொள்ளலாம். பிறந்துவிட்ட பிள்ளைக்குப் பாலைக் குறைக்கக் கூடாது.

மூணு பெத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. சனிக்கிழமை உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் செய்து ஒரே தட்டில் பிசைந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். ஆளுக்கொரு உருண்டை கையில். நாலு வயசுக்காரன் துவையலை விரலில் தொட்டுத் தம்பி நாக்கில் தடவுவான். அது மூஞ்சியைச் சுளிக்கும், உடம்பு ஒரு குலுங்கு குலுங்கும், மறுபடி வாயைத் திறக்கும். பெரியவள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறைக்குப் போனோம். கீழ் வீட்டு மயினியும் வந்தார்கள். படித்துறையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சின்னவனை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ முதல்ல போய் முங்கிட்டு வாட்டி, மூணையும் நான் பாத்துக்கிடுதேன்" என்றார்கள். ஆற்றில் இறங்கிக் கழுத்தளவு தண்ணியில் நின்றேன். எத்தனை முங்கு போட்டேன் என்று எண்ணவில்லை. கரையில் மயினி சேலையைப் பிடித்துக்கொண்டு ரெண்டு பேரும், இடுப்பில் ஒருத்தனும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.