ஜப்பானியத்துக்கு ஆங்கிலம் வழியாக ஏன் சுற்றிப் போகவேண்டும்?

மொழி கற்கும் செயலி ஒன்றில் போன மாதம் கணக்குத் திறந்தேன். உள்ளே விடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டது. எந்த மொழிகள் தெரியும்? எதைக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள்? எதைக் கற்க ஆசை? முதல் கட்டத்தில் தமிழ், ஆங்கிலம் என்று போட்டேன். இரண்டாவதில் ஜப்பானியம். மூன்றாவது கட்டத்தில் இடம் போதவில்லை. துருக்கி, ரஷ்யன், ஸ்பானிஷ், அரபு... ஆசைக்கு என்ன, காசா பணமா.

அடுத்த திரையில் இன்னொரு கேள்வி இருந்தது. எந்த மொழியின் வழியாகக் கற்க விரும்புகிறீர்கள்? அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. பழக்கதோஷத்தில் ஆங்கிலத்தைத் தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் எரிச்சல் வந்தது. தமிழ் இல்லையே என்ற கோபம் இல்லை அது. ஏற்கெனவே ஆங்கிலத்தின் வழியாக ஜப்பானியம் படிக்கப் போய் இரண்டு வருடத்தைத் தொலைத்தவன் நான். மறுபடியும் அதே பொத்தானையே தட்டியிருக்கிறேனே என்ற எரிச்சல்.

கதை இதுதான். இரண்டு வருடம் இணைய வழி வகுப்பு ஒன்றில் ஜப்பானியம் படித்தேன். பாடநூல் ஆங்கிலத்தில், விளக்கம் ஆங்கிலத்தில், வீட்டுப்பாடமும் ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியத்துக்கு மாற்றுவதுதான். 'ஷிமாவு' என்ற துணைவினைக்குப் புத்தகத்தில் முழுதாக ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு செயல் முற்றாக முடிந்துவிட்டது என்பதைக் காட்டும், பெரும்பாலும் அதில் ஒரு வருத்தமும் சேர்ந்திருக்கும், சில இடங்களில் வருத்தம் இருக்காது என்று போகும் அந்த விளக்கம். நாலு தடவை படித்தேன். தேர்வில் தப்பாகத்தான் எழுதினேன்.

அப்புறம் ஒருநாள் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். "எங்க வச்சேன்னு மறந்துட்டேனே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் சட்டென்று நின்றுவிட்டேன். மறந்தேன் என்று சொல்லவில்லை, மறந்துவிட்டேன் என்கிறேன். அந்த 'விட்டேன்' அங்கே என்ன வேலை பார்க்கிறது? செயல் முடிந்துபோனது, அதில் எனக்கு ஒரு வருத்தம். ஜப்பானியத்தில் 'வசுரெதெ ஷிமத்த'. 'வசுரெதெ' என்றால் மறந்து. 'ஷிமத்த' என்றால் விட்டேன். புத்தகத்தின் ஒரு முழுப் பக்கத்தை என் அம்மா எனக்கு இரண்டு வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார். கண்ணாடி என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

அன்று ராத்திரி பழைய நோட்டைத் திறந்து உட்கார்ந்தேன். திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் இதே கதைதான். 'யொந்தெ மிரு' என்பதை முயற்சிக்கும் பொருளில் வரும் சிறப்பு வடிவம் என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன். 'யொந்தெ' என்றால் படித்து. 'மிரு' என்றால் பார். படித்துப் பார்! இதற்கா சிவப்பு மை? 'கத்தெ ஒகு' என்பது பின்னால் உதவும் என்று முன்கூட்டியே செய்துவைப்பதைக் குறிக்கும் வடிவமாம். 'கத்தெ' வாங்கி, 'ஒகு' வை. வாங்கி வை. முன்னேற்பாடு, பிற்பயன் எல்லாம் அந்த 'வை'க்குள்ளேயே இருக்கிறது. யாரும் நமக்கு விளக்கவேண்டியதில்லை.

'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல முதலில் புத்தகத்தைத் தூக்கி முன்னால் போடவேண்டும், அப்புறம் ஓர் இணைப்புச் சொல், அதன் பிறகு நான், வாங்கியது, கடைசியில் நேற்று. ஜப்பானியத்தில் 'வதாஷி க கினோ கத்த ஹொன்'. நான், நேற்று, வாங்கிய, புத்தகம். வார்த்தைக்கு வார்த்தை அதே வரிசை. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? தமிழில் தோன்றும் வாக்கியத்தைத் தலைகீழாக்கி ஆங்கிலமாக்கினேன். பிறகு அந்த ஆங்கிலத்தை மறுபடி தலைகீழாக்கி ஜப்பானியமாக்கினேன். இரண்டு தடவை குட்டிக்கரணம் அடித்து, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தேன். அதைத்தான் கஷ்டமான மொழி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னும் இருக்கிறது. 'தரெ' என்றால் யார். அதோடு 'க' சேர்த்துத் 'தரெக' என்றால் யாரோ. 'மொ' சேர்த்துத் 'தரெமொ இனய்' என்றால் யாரும் இல்லை. நம்முடைய ஓகாரமும் உம்மும் செய்கிற அதே வேலை. சுட்டுச் சொற்களில் 'கொரெ' என்றால் இது, 'அரெ' என்றால் அது, 'தொரெ' என்றால் எது. நடுவே 'சொரெ' என்று ஒன்று, கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதற்கு. எங்கள் வகுப்பில் எல்லாரும் திணறிய இடம் இதுதான். தொல்காப்பியம் அ, இ, உ என்று மூன்று சுட்டு சொல்கிறது. அந்த உகரச் சுட்டு நம்மில் பலருக்குக் கைநழுவிப் போய்விட்டது. ஆனால் யாழ்ப்பாணத் தமிழில் 'உது', 'உங்கை' எல்லாம் இன்னும் உயிரோடு இருக்கின்றன. யாழ்ப்பாணத்தவர் ஒருவர் அந்த வகுப்பில் இருந்திருந்தால் ஆசிரியருக்கே சொல்லிக்கொடுத்திருப்பார்.

எனக்கு மிகவும் பிடித்தது அகராதி வரிசை. ஜப்பானிய எழுத்து வரிசையில் உயிர் அ, இ, உ, எ, ஒ. மெய் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ஹகரம் பழைய காலத்தில் பகரமாக ஒலித்தது. இப்போது நம் மெய்யெழுத்துகளைச் சொல்லிக்கொண்டே வந்து, ஜப்பானியத்தில் தனி வரிசையாக இல்லாததையெல்லாம் தாண்டிப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. தற்செயல் இல்லை இது. பௌத்தத் துறவிகள் வடமொழி நூல்களுக்காகச் சித்தம் என்ற இந்திய எழுத்து முறையைப் படித்தார்கள். அந்த ஒலி வரிசைதான் அங்கே வேர்விட்டது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு அந்த வரிசை மனப்பாடம் செய்யவேண்டிய ஒன்று. நமக்கு அது பால்வாடிப் பாடம்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். தமிழிலிருந்துதான் ஜப்பானியம் பிறந்தது என்று பின்னூட்டம் எழுத விரலை எடுத்திருப்பவர்கள் தயவுசெய்து கீழே வையுங்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. எனக்கும் அது தேவையில்லை. வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள்தான் உலகத்தில் அதிகம். அப்படி வைக்கிற மொழிகளுக்குள் இந்த மாதிரி பொருத்தங்கள் வருவது சகஜம். இரண்டு வீட்டின் அமைப்பு ஒன்றாக இருந்தால் இருட்டிலும் சுவிட்சு எங்கே என்று தெரியும், அவ்வளவுதான். அதற்காக அந்த வீட்டுக்காரர் நம் சித்தப்பா ஆகிவிட மாட்டார்.

கஷ்டமான மொழி என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்கவேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு பயிற்சி நிறுவனம் வைத்திருக்கிறது. இணையத்தில் சுற்றும் 'உலகின் கடினமான மொழிகள்' பட்டியல்களில் பாதிக்கு அதன் அட்டவணைதான் மூலம். ஸ்பானிஷ், இத்தாலியன் போன்றவற்றுக்கு 24 முதல் 30 வாரம். ரஷ்யன், துருக்கி, இந்திக்கு 44 வாரம், 1100 மணி நேர வகுப்பு. தமிழும் அந்த வரிசையில்தான். ஜப்பானியம், கொரியன், சீனம், அரபுக்கு 88 வாரம், 2200 மணி நேரம். நல்ல அட்டவணைதான், பல ஆண்டு அனுபவத்தில் போட்டது. ஆனால் அது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்குப் போட்ட கணக்கு. ஆங்கிலத்திலிருந்து தமிழ் தூரம், ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியம் ரொம்ப தூரம் என்கிறது. தமிழிலிருந்து ஜப்பானியம் எவ்வளவு தூரம் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. நாம் என்ன செய்கிறோம்? அடுத்தவர் வீட்டு வாசலிலிருந்து அளந்த தூரத்தைப் பார்த்துவிட்டு நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுகிறோம்.

ஐரோப்பிய மொழிகளிலும் இது உண்டு, கொஞ்சம் குறைவாக. எனக்குப் பிடிக்கும் என்பதற்கு ஸ்பானிஷில் 'மே குஸ்தா'. இதில் எழுவாய் எங்கே என்று ஆங்கிலப் புத்தகங்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும். 'மே' என்பது எனக்கு, முடிந்தது. ஜெர்மனில் 'மிர் இஸ்ட் கால்ட்', ரஷ்யனில் 'ம்ன்யே ஹோலத்ன', இரண்டும் எனக்குக் குளிர்கிறது. ரஷ்யனில் நான் மருத்துவர் என்றால் நான், மருத்துவர், இரண்டே சொல், நடுவே எதுவும் வேண்டாம். ஸ்பானிஷில் 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். ரகர றகர வித்தியாசத்துக்கு அடி வாங்கிய தலைமுறைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? மலாயில் 'கித்தா', 'காமி' என்று இரண்டு உண்டு. ஒன்று நாம், இன்னொன்று நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்து, அடைப்புக்குறிக்குள் ஒரு விளக்கவுரை எழுதுவார்கள்.

தமிழ் காலைவாரும் இடங்களும் உண்டு, மறைக்கமாட்டேன். மேலே 'தரெ' என்று எழுதினேனே, அது 'தம்பி'யின் த இல்லை. 'தினம்' என்று சொல்லும்போது வருகிற மெல்லிய த. நம் எழுத்தில் இந்த வித்தியாசத்தைக் காட்ட வழியில்லை. அதனால் நோட்டில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிவைத்த நான் ஆறு மாதம் தப்பாகவே பேசினேன். சீனத்தின் தொனிகளுக்கு நம்மிடம் ஒத்தாசை எதுவும் இல்லை. ஜெர்மனில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி அஃறிணை. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சிறுமி என்பதற்கான சொல்லும் அஃறிணை என்று வந்தபோது உயர்திணையில் வளர்ந்த மனசு கொஞ்சம் அடம்பிடித்தது. ஜப்பானியத்திலும் இலக்கணம்தான் நமக்கு மாமன் வீடு. பொதுப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த 2136 கான்ஜி எழுத்துகளை, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகளை, யாராக இருந்தாலும் உட்கார்ந்து எழுதித்தான் பழகவேண்டும். நான் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை.

அந்த வகுப்பின் ஆசிரியர் அடிக்கடி ஒன்று சொல்வார். மனசுக்குள் மொழிபெயர்க்காதீர்கள், ஜப்பானியத்திலேயே யோசியுங்கள். நல்ல அறிவுரை மாதிரிதான் கேட்கும். ஆனால் அவர் விளக்கம் சொன்னது ஆங்கிலத்தில், நாங்கள் சந்தேகம் கேட்டதும் ஆங்கிலத்தில். தாய்மொழியில் யோசிக்காதே என்பதுதான் நடைமுறையில் அங்கே செல்லுபடியானது. ஒருமுறை நான் "இது எங்கள் மொழியில் அப்படியே இருக்கிறது" என்றேன். வகுப்பில் ஆங்கிலம் மட்டும் என்று பதில் வந்தது. அன்று பேசாமல் இருந்துவிட்டேன். இன்றைக்கு என்றால் பேசியிருப்பேன்.

சரி, ஆங்கிலமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. அகராதி, காணொளி, செயலி, பயிற்சித்தாள் எல்லாம் அதில்தான் கொட்டிக்கிடக்கின்றன. தமிழில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் முப்பது நாள் ரகம். அதனால் பொருளை ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்கிறேன், புரிந்துகொள்வதைத் தமிழில் வைத்துக்கொள்கிறேன். இப்போது என் நோட்டில் இடப்பக்கம் ஜப்பானியம், வலப்பக்கம் தமிழ், அதுவும் பேச்சுத்தமிழ். 'செய்துவிட்டேன்' என்று எழுதினால் பாதிதான் ஒட்டுகிறது, 'செஞ்சிட்டேன்' என்று எழுதினால் முழுசாக ஒட்டுகிறது. பொருத்தம் வராத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத் தாண்டிப் போகிறேன். எழுவாய்க்குப் பின்னால் வரும் 'வ', 'க' இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அப்படி ஒரு கேள்விக்குறி. நம்மிடம் அதற்கு நேரான ஒன்று இல்லை, அங்கே ஆங்கில விளக்கம்தான் கைகொடுத்தது.

மூன்றாவது கட்டத்திலிருந்து துருக்கியை இரண்டாவது கட்டத்துக்கு மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. 'எவ்' என்றால் வீடு, 'எவ்லெர்' வீடுகள், 'எவ்லெர்தே' வீடுகளில். ஒட்டிக்கொண்டே போகலாம், ஆண்பால் பெண்பால் தொல்லையும் கிடையாது. நேற்று வந்த பாடத்தில் ஒரு வினை விகுதி. பேசுகிறவர் ஒன்றை நேரில் பார்க்காமல், பிறர் சொல்லியோ ஊகித்தோ சொல்லும்போது வருமாம். இந்தக் கருத்து ஆங்கிலத்தில் இல்லாததால் மாணவர்கள் பொறுமையாக இருக்கவேண்டும் என்று எச்சரிக்கையோடு ஆரம்பித்து, மூன்று பக்கம் ஓடுகிறது விளக்கம். உதாரணச் சொல் 'கெல்மிஷ்'. மூன்று பக்கத்தையும் புரட்டிவிட்டு, நோட்டின் வலப்பக்கத்தில் எழுதினேன்: வந்தாராம்.