அட்டைக்குள்ளேயே விளையாட்டு இருக்க வேண்டும்

நின்டென்டோ ஸ்விட்ச் 2 விளையாட்டுக் கருவி பற்றிய உங்கள் கட்டுரையில் திரையையும் வேகத்தையும் விரிவாகப் பாராட்டிவிட்டு, ‘கேம்-கீ கார்ட்’டை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எங்களுக்கு அதுதான் முதல் கேள்வி. அந்த அட்டையில் விளையாட்டு இல்லை, திறவுகோல் மட்டுமே இருக்கிறது. மீதியை இணையத்தில் தரவிறக்க வேண்டும். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழை மூடினால் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். தொலைபேசியை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து, சென்ற மாதம் ஒரு விளையாட்டைத் தரவிறக்க எனக்கு மூன்று இரவுகள் பிடித்தன. ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டு 64 ஜிபி அட்டையில் முழுதாகவே வந்திருக்கிறதே! விலை கூடினாலும் மற்ற விளையாட்டு நிறுவனங்களும் அப்படித் தரட்டும், காசு சேர்த்து வாங்குவேன். பழைய மைக்ரோ எஸ்டி நினைவக அட்டையில் ஸ்விட்ச் 2 விளையாட்டுகளைச் சேமிக்க முடியாது, ‘மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்’ வகைதான் வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.