சுய உருவப்படத்தையும் கடலையும் ஒரே அறையில் மாட்டுங்கள்

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நேஷனல் கேலரியும் அதை ஒட்டி, உருவப்படங்களுக்கான நேஷனல் போர்ட்ரெயிட் கேலரியும் நிற்கின்றன. 2014 நவம்பரில் முதல் கேலரி, ஓவியர் மேகி ஹேம்ப்ளிங்கின் ‘நீர்ச்சுவர்கள்’ என்ற கடல் ஓவிய வரிசையைக் காட்சிக்கு வைத்தது. 1977-78இல் அவர் தன்னையே தீட்டிய படமோ இரண்டாவது கேலரியின் சேகரிப்பில் இருக்கிறது. முகம் ஒரு கட்டடத்துக்கு, கடல் இன்னொரு கட்டடத்துக்கு. ஓவியங்களை வகை பிரித்துப் பார்த்தே பழகிவிட்டோம். ஹேம்ப்ளிங் விஷயத்தில் இந்தப் பாகுபாடு அநியாயம் என்று நினைக்கிறேன்.

1945இல் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் பிறந்தவர் அவர். கடலை வரைவதற்கு வெகு காலம் முன்பே மனிதர்களை வரைந்தார். 1985இல் அவர் தீட்டிய டொரதி ஹாட்ஜ்கின் உருவப்படத்தைத் தேடிப் பாருங்கள். இன்சுலினின் கட்டமைப்பைக் கண்டறிந்தவர், 1964இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். காகிதங்கள் குவிந்த மேசையில் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும் அந்த அம்மையாருக்கு நான்கு கைகள்! நான்கு கை என்றதும் நமக்குக் கோயில் சிற்பம்தான் நினைவுக்கு வரும். இங்கே அந்தக் கைகள் தெய்வத்தன்மையைச் சொல்லவில்லை. மூட்டுவாதம் பாதித்த அந்தக் கைகள் ஒரு கணம்கூட ஓயவில்லை என்பதைச் சொல்கின்றன. அசையாமல் உட்கார மறுக்கும் ஒருவரை எப்படித் தீட்டுவது என்ற கேள்விக்கு ஹேம்ப்ளிங் கண்ட வழி அது. அலையும் அசையாமல் நிற்பதில்லையே.

நடுவில் மரணங்கள் வந்தன. பிரான்சிஸ் பேகனின் ஓவியங்களுக்கு மாடலாக இருந்த ஹென்ரியெட்டா மொரேஸை அவருடைய கடைசி மாதங்களில் ஹேம்ப்ளிங் தொடர்ந்து வரைந்தார். 1999இல் ஹென்ரியெட்டா இறந்த பிறகும் நிறுத்தவில்லை, நினைவிலிருந்து வரைந்தார். தன் தந்தையையும் அப்படித்தான், சவப்பெட்டியில் கிடத்தியிருந்தபோதுகூட வரைந்தார். கேட்கும்போது சிலருக்கு மனம் கூசலாம். எனக்கு அதில் தெரிவது அன்பு மட்டுமே. கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கும் ஒருவரை விட்டுவிட அவர் கை மறுக்கிறது.

2002இன் கடைசியில் அவர் வட கடலை வரையத் தொடங்கியது அந்தக் கையோடுதான். மறு ஆண்டு ஆல்டபரோ கடற்கரையில், இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் நினைவாக, நான்கு மீட்டர் உயர எஃகுச் சிப்பிச் சிற்பத்தை நிறுவினார். ஊரில் அதற்கு எழுந்த எதிர்ப்பு தனிக் கதை.

‘நீர்ச்சுவர்கள்’ பிறந்தது சஃபோக் கடற்கரை ஊரான சவுத்வோல்டின் கடல்தடுப்புச் சுவரில் மோதிச் சிதறும் பேரலைகளிலிருந்து. பெரும்பாலான படங்கள் ஆறடிக்கு ஏழடிக்கும் மேல். தொடுவானம், படகு, மணல் என்று கண்ணுக்குப் பிடிமானம் தேடினால் கிடைக்காது. வெளிறிய பரப்பில் சாயம் விசிறியடிக்கப்பட்டிருக்கிறது. அலை மேல்நோக்கி எழுகிறது, அதைத் தீட்டிய சாயமோ கீழ்நோக்கி வழிகிறது. அந்த வழிசல்களை அவர் துடைக்கவில்லை. எழுவதும் விழுவதும் ஒரே தடத்தில் நடக்கின்றன.

எல்லா அலையும் ஒரே மாதிரி இருக்கிறது, ஒன்றைப் பார்த்தால் போதும் என்று குறை சொல்பவர்கள் உண்டு. கடல்காட்சி என்று மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஓர் ஓவியர் ஆயுள் முழுக்கத் தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தால் அதைச் சலிப்பு என்கிறோமா? நேற்றைய முகம் இன்று இல்லை என்பதற்காகத்தானே மறுபடி வரைகிறார்? அலைக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள். ஹேம்ப்ளிங்கின் அலைகள் ஒவ்வொன்றும் அவர் முன் வந்து அமர்ந்து, எழுந்து போன ஆள்தான் என்பேன்.

அந்த 2014 கண்காட்சியிலேயே இதற்குச் சாட்சியும் இருந்தது. 2011 ஜூலையில் 27 வயதில் இறந்துபோன பாடகி ஏமி வைன்ஹவுஸின் நினைவாக அவர் தீட்டிய படம் அது. அதுவும் ஒரு நீர்ச்சுவர்தான். ஆனால் தலைப்பில் ஏமியின் பெயர் இருக்கிறது. அதைக் கடல் ஓவியம் என்று மட்டும் எப்படிச் சொல்வது? உருவப்படம் என்றால், மற்ற அலைகளை மட்டும் எந்த நியாயத்தில் ஒதுக்குவது?

இரண்டு கேலரிகளுக்கும் இது ஒன்றும் முடியாத காரியமல்ல. 1977-78 சுய உருவப்படத்தை ஒரு சுவரில் மாட்டுங்கள். ஏமியின் அலையை அதற்கு நேரெதிரே மாட்டுங்கள். விளக்கக் குறிப்பு எதுவும் வேண்டாம், நடுவில் ஒரு பெஞ்சு போட்டால் போதும்.