காய்ச்சல் நேரத்து வைட்டமின் டி ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்

காசிமேடு முதல் எண்ணூர் வரை, மழை பிடித்துவிட்டால் வீட்டுக்கு ஒருவர் இருமுகிறார். மூன்றாம் நாள் 'ஃபுல் பாடி செக்கப்' என்று ரத்தம் கொடுக்கிறார்கள். வைட்டமின் டி 14 என்று தடித்த எழுத்தில் வரும். "இது கம்மியா இருக்கவேதான் சளி நெஞ்சுல இறங்கிடுச்சு" என்று வீடே முடிவு கட்டிவிடுகிறது.

அந்த முடிவு தப்பு. கிருமியோடு உடம்பு மல்லுக்கட்டும்போது, வைட்டமின் டியை ரத்தத்தில் சுமக்கும் புரதம் குறையும். கூடவே அந்த எண்ணும் இறங்கும். கொரோனா சமயத்தில் அளவு குறைந்தவர்கள்தான் அதிகம் மோசமானார்கள் என்று பல ஆய்வுகள் சொன்னது நிஜம். ஆனால் முதுமை, சர்க்கரை, பருமன், வீட்டோடு முடங்கிக் கிடப்பது எல்லாமே அந்த அளவையும் குறைக்கும், நோயையும் முற்ற வைக்கும். எது எதனால் என்று மருந்தைக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பிரேசிலில் கொரோனாவோடு மருத்துவமனையில் இருந்த சுமார் 240 பேரை வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஒரே வேளையில் 2,00,000 யூனிட் வைட்டமின் டி. ரத்தத்தில் அளவு ஏறியது. வீடு திரும்பும் நாள் முந்தவில்லை. வைட்டமின் சி, ஜிங்க் மாத்திரைகளும் கொரோனாவில் பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

தட்டம்மை மட்டும் வேறு கதை. அதில் வைட்டமின் ஏ உயிர் காக்கும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு 2,00,000 யூனிட், மறுநாள் அதே அளவு இன்னொரு முறை. 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு அதில் பாதி. டாக்டர் கையால் மட்டும்.

எனக்குப் பெரிய கவலை அந்த 60,000 யூனிட் வைட்டமின் டி பவுடர் பாக்கெட்தான். சீட்டில் பாராசிட்டமாலுக்கு 1-1-1 என்றிருக்கும், அதற்குக் கீழே பாக்கெட்டுக்கு நேராக 'வாரம் 1' என்று பொடியாக எழுதியிருக்கும். காய்ச்சல் மாத்திரையோடு சேர்த்து இதையும் தினம் கரைத்துக் குடித்துவிடுகிறார்கள். வாரம் ஒன்று, வழக்கமாக 8 வாரம், கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பின். அவ்வளவுதான். நாள்தோறும் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்: வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், கடைசியில் கிட்னி.

குறைபாடே கிடையாது என்று சொல்லவில்லை. வண்ணாரப்பேட்டை சந்துகளில் வெயில் தரை தொடாத வீடுகள் எத்தனை! காலை 7 மணி வெயில் இதற்கு உதவாது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் வேண்டும். மத்தி மீனிலும் உண்டு. எலும்பு வலி, தசைச் சோர்வு இருந்தால் காய்ச்சல் விட்டு ஒரு மாதமாவது போன பிறகு டெஸ்ட் எடுங்கள். ரிப்போர்ட்டில் யூனிட்டையும் பாருங்கள்: நானோமோல் என்றிருந்தால் 2.5-ஆல் வகுத்தால் நானோகிராம் கணக்கு வரும். 20-க்குக் கீழே போனால்தான் குறைபாடு.

காய்ச்சல் நாட்களில் பார்க்க வேண்டிய எண் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் இருக்கிறது. மருதாணி, நெயில் பாலிஷ் இல்லாத விரலில், கை சூடாக இருக்கும்போது, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். 94-க்குக் கீழே நின்றாலோ, பேசும்போதே மூச்சு வாங்கினாலோ பாக்கெட்டை ஓரம் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடியுங்கள்.